ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு முன் வீட்டுக் குழாய்களை என்ன செய்வது?

கேள்வி இதுதான். திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து, ஜோகன்னஸ்பர்க்கின் வடபகுதியான மிட்ராண்டில் குடியேறி ஐந்து மாதம் ஆகிறது. மே மாதத் தண்ணீர்க் கட்டணச் சீட்டோடு "குளிர்காலத்துக்குத் தயாராகுங்கள்" என்று ஒரு துண்டறிக்கை வந்திருக்கிறது. குழாய்களைப் போர்த்துங்கள், கீசரைப் பாருங்கள், மீட்டரைக் குறித்துவையுங்கள், கொஞ்சம் தண்ணீர் பிடித்துவையுங்கள் என்கிறது. "நம் ஊரில் கோடை வந்தால்தான் தண்ணீர்க்காரர்கள் வாய் திறப்பார்கள். இங்கே குளிருக்கு ஏன்? பனிமழையே பெய்யாத ஊரில் குழாய் உறையுமா? கனடாவில் இருக்கும் அக்கா ராத்திரி குழாயைச் சொட்டவிடச் சொல்கிறாள், செய்யலாமா? ஜூலை விடுமுறையில் ஒரு வாரம் டர்பன் போகிறோம், எதையாவது மூடிவிட்டுப் போக வேண்டுமா?"

நான் ஜோகன்னஸ்பர்க்கின் தென்பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். பல ஆண்டுகளாக வீட்டுக் குழாய், கீசர் வேலைகளை மேற்பார்வை பார்த்துச் சம்பாதிக்கிறவன். நான்கு கேள்விகளுமே சரியான கேள்விகள். அந்தத் துண்டறிக்கையைக் குப்பையில் போடாமல் கேட்டீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜூலையும் அதைப் படிக்காதவர்கள் வீட்டுக்குத்தான் நாங்கள் ஓடுகிறோம்.

முதலில் உறைவதைப் பற்றி. ஊட்டிக்கு மார்கழி, தையில் போயிருந்தால் தலைகுந்தாவில் காலையில் புல் வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து எதுவும் விழுந்திருக்காது, ஆனாலும் உறைபனி. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். ஜூன், ஜூலையில் வானத்தில் மேகம் இருக்காது, காற்றில் ஈரம் இருக்காது. மேகம் இருந்தால் நிலத்தின் சூடு போர்வைக்குள் இருப்பதுபோலத் தங்கும். இங்கே இரவெல்லாம் அந்தச் சூடு வானத்துக்கே போய்விடுகிறது. அதனால்தான் வானிலை அறிக்கையில் 2 டிகிரி, 3 டிகிரி என்று சொன்ன காலையிலும் புல்வெளியில் பனி பூத்திருக்கும். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் ஒரு குழாய், சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். பள்ளமான இடங்களில் இன்னும் மோசம். குளிர்ந்த காற்று கனமானது, மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒரே நகரத்தில் மேட்டுத் தெருவில் ஒன்றும் ஆகாது, ஓடைக்கரை வீட்டில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும். மிட்ராண்டில் உங்கள் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

பனிமழையும் அடியோடு இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்ட் 7 அன்று பெய்தது, 2023 ஜூலை 10 அன்று மறுபடி பெய்தது. ஆனால் குழாய் வெடிப்பதற்கு அது தேவையே இல்லை. தெளிந்த வானமும் காற்றடிக்காத இரவும் போதும்.

இன்னொன்று, நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாருமே தவறவிடுவது. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. நமக்குத் தெற்குப் பார்த்த வீடு என்றால் வெயிலும் காற்றும் வரும் வீடு. இங்கே தெற்குச் சுவர் குளிர்காலம் முழுக்க வெயிலையே பார்க்காது. இந்த ஊர் வீடுகளில் செம்புக் குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டுவது சாதாரணம். அந்தக் குழாய் தெற்குச் சுவரில் ஓடினால், முதலில் உறைவது அதுதான். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தெற்குப் பக்கம் வெளியே தெரிகிற குழாய்கள் எத்தனை என்று எண்ணுங்கள். துண்டறிக்கையில் "வெளிக் குழாய்கள்" என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு அது அநேகமாக இரண்டு, மூன்று மீட்டர் நீளம்தான் இருக்கும்.

எப்படி வெடிக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9% பருக்கிறது. குழாயின் நடுவில் ஓர் இடத்தில் பனிக்கட்டி அடைப்பாகப் பிடிக்கிறது. அது வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் குழாய்த் திருகுக்கும் நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக வழி இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், குழாயின் மெலிந்த இடம் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொட்டுகூட வெளியே வராது, பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கிறதே. ஜூன் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறி, கட்டி இளகும்போதுதான் தண்ணீர் பீய்ச்சும். அப்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள்.

என் முதல் குளிர்காலம் அப்படித்தான் போயிற்று. அப்போது நான் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. டர்பனில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினோம். கேட்டைத் திறக்கும்போதே சத்தம். வாஷிங் மெஷினுக்குப் போகும் செம்புக் குழாய், தெற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். பிளவு ஓர் அங்குலம்கூட இருக்காது. மீன் வாய் திறந்தாற்போல விளிம்பு இரண்டும் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தன. அதற்குள்ளிருந்து விசிறி போலத் தண்ணீர். சுவரின் பூச்சு ஊறிக் கழன்றுவிட்டது, தண்ணீர் கதவிடுக்கு வழியாகச் சமையலறைக்குள் போய் அலமாரிகளின் அடிப்பலகை உப்பிவிட்டது. எனக்கு இன்று வரை நெஞ்சை அறுப்பது அந்தப் பிளவு இல்லை. தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை, என் மனைவிக்கும் தெரியவில்லை. தெருவோரப் புல்லுக்கடியில் மண் மூடிக்கிடந்த மீட்டர் பெட்டியின் மூடியைக் கண்டுபிடித்துத் தோண்டித் திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆகவே, இன்று மாலையே செய்ய வேண்டியது: உங்கள் ஸ்டாப்காக், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் திருகு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். பெரும்பாலும் தெருவோரம் மீட்டர் பெட்டிக்குள் ஒன்று இருக்கும், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் தொடாதது என்றால் இறுகிப்போயிருக்கும். பலமாகத் திருகி உடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பழக்குங்கள். வீட்டில் எல்லாருக்கும், வேலைக்கு வரும் அம்மாவுக்கும் சேர்த்து, இடத்தைக் காட்டிவிடுங்கள். வெடிக்காமல் காப்பது பாதி வேலைதான். வெடித்தால் இரண்டு நிமிடத்தில் நிறுத்தத் தெரிவது மீதிப் பாதி, என் கணக்கில் அதுவே பெரிய பாதி.

மீட்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துண்டறிக்கையின் உண்மையான அர்த்தம் அதில்தான் இருக்கிறது. மீட்டர் வரைக்கும் வரும் குழாய் அவர்களுடையது. மீட்டரைத் தாண்டிய குழாயும், அதில் ஒழுகும் ஒவ்வொரு லிட்டரும் உங்களுடையது. தெருக் குழாய் உடைந்தால் அவர்கள் வந்து தோண்டுவார்கள். உங்கள் முற்றத்தில் உடைந்தால் யாரும் வரமாட்டார்கள், பில் மட்டும் வரும். கட்டணமோ படிப்படியாக ஏறும் வகை. கூடக் கூட ஒவ்வொரு கிலோலிட்டருக்கும் (1,000 லிட்டர்) விலையும் கூடும், ஒழுகல் போவதெல்லாம் மேல்படி விலையில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 லிட்டர் வாளியை ஐந்து நிமிடத்தில் நிரப்பும் மெல்லிய ஒழுக்கு என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர், நாளுக்கு 2,880 லிட்டர், ஏறக்குறைய 3 கிலோலிட்டர். பத்து நாள் கவனிக்காவிட்டால் 30 கிலோலிட்டருக்குப் பக்கம் போய்விடும்.

இனிப் போர்த்துவது. என் பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருந்தார். மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம், தமிழ் கொஞ்சம்தான் வரும். மே மாதக் கடைசியில் பழைய கம்பளியைக் கிழித்து, முற்றத்துக் குழாயில் சுற்றிக் கயிற்றால் கட்டுவார். "பைப்புக்கும் ஜெர்சி போடணும், கண்ணா" என்பார். இங்கே ஸ்வெட்டருக்கு ஜெர்சி என்றுதான் பேர். ஆடிக் கூழ் ஊற்றும்போது அந்தக் குழாயடியில்தான் பாத்திரமெல்லாம் கழுவுவார்கள். நம் ஊர் ஆடி காற்றுக்குப் பேர்போனது, இங்கே ஆடி பிறக்கும்போது உச்சக் குளிர். அந்தக் குழாய் ஒருமுறைகூட வெடித்து நான் பார்த்ததில்லை.

கம்பளி நல்லதுதான், ஆனால் நனைந்தால் பயன் இல்லை. கடையில் கறுப்பு நிறத்தில் நீளமான ஃபோம் உறை கிடைக்கும், ஒரு பக்கம் பிளந்திருக்கும், குழாயின் மேல் அப்படியே மாட்டிவிடலாம். குழாய் 15 மில்லிமீட்டரா 22 மில்லிமீட்டரா என்று அளந்துகொண்டு போங்கள். பிளவையும் முனைகளையும் டேப் சுற்றி மூடுங்கள். பலரும் நேராக ஓடும் குழாயை அழகாக மூடிவிட்டு, வளைவையும் திருகையும் வெறுமனே விட்டுவிடுவார்கள். குளிர் அங்கேதான் நுழையும். இந்த உயரத்து வெயில் கடுமை, வெறும் ஃபோம் இரண்டு, மூன்று ஆண்டில் பொடியாக உதிரும். மேலே டேப்போ பெயின்ட்டோ இருந்தால் தாங்கும். ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்ணீரை வடித்து, உள்ளே வைத்துவிடுங்கள். ஜோஜோ டேங்க் (முற்றத்தில் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருந்தால் டேங்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம், அவ்வளவு தண்ணீர் ஓர் இரவில் உறையாது. அதன் அடியிலுள்ள பம்பும் அரை மீட்டர் குழாயும்தான் மாட்டும்.

ஒன்று உறைந்தேவிட்டால்: காலையில் திருகினால் தண்ணீர் வராது, அல்லது நூலாக வரும். அப்போது ஸ்டாப்காக்கை மூடுங்கள், அந்தத் திருகைத் திறந்தே வையுங்கள், வெந்நீரில் பிழிந்த துணியைத் திருகின் பக்கமிருந்து ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே போங்கள். ஹேர் டிரையரும் ஆகும், கையும் தரையும் ஈரமாக இல்லாதவரை. நெருப்பு மட்டும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்றவும் வேண்டாம். இளகியதும் ஸ்டாப்காக்கை மெல்லத் திறந்து, குழாய் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். பிளவு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அக்கா சொன்ன யோசனை. ஓடும் தண்ணீர் உறையத் தாமதமாகும், சொட்டுவிட்டால் அழுத்தமும் அடைபடாது. நாள்கணக்கில் 0-க்குக் கீழேயே இருக்கும் ஊருக்கு அது சரியான வழி. இங்கே உறைவது விடியற்காலையில் சில மணி நேரம்தான், அதுவும் வெளியே இருக்கும் குழாய்தான். அதற்குப் போர்வை போதும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்கு சுமார் 20 லிட்டர் போகும், சொட்டுகிற இடத்தில் காலையில் வழுக்கும் பனித்தகடும் உருவாகும். நான் செய்யமாட்டேன், உங்களையும் செய்யச் சொல்லமாட்டேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே மனம் வராது.

அதுதான் உங்கள் முதல் கேள்விக்கும் பதில். இந்தப் பக்கத்து மழை அக்டோபரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரைதான். குளிர்காலம் முழுக்க வறட்சி. நமக்குச் சித்திரை, வைகாசி எப்படியோ, அணைக் கணக்கில் இவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்படி. நகரத்தில் பெரிய ஆறு கிடையாது. தங்கம் கிடைத்த மேட்டில் எழுந்த ஊர் இது, தண்ணீர் தேடி எழுந்த ஊர் அல்ல. தெற்கே வால் அணையிலிருந்து தண்ணீரை எடுத்து, சுத்திகரித்து, 300 மீட்டருக்கும் மேல் உயரத்துக்குப் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். அதைச் செய்வது ராண்ட் வாட்டர், 1903-இல் தொடங்கிய நிறுவனம். அவர்களிடமிருந்து மொத்தமாக வாங்கி வீட்டுக்கு வீடு விநியோகிப்பது ஜோகன்னஸ்பர்க் வாட்டர். வால் அணை முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய நம் மேட்டூர் அளவு, இரண்டுமே சுமார் 260 கோடி கன மீட்டர். அதுவும் போதாமல், 1986-இல் ஒப்பந்தம் போட்டு, பக்கத்து நாடான லெசோத்தோவின் மலையில் கட்சே அணையைக் கட்டி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1998 முதல் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். உங்கள் சமையலறைக் குழாயில் வருவதில் ஒரு பங்கு வேறொரு நாட்டு மலைத் தண்ணீர்.

இவ்வளவு தூரம் கொண்டுவந்த தண்ணீரில், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், கிட்டத்தட்ட பாதி கணக்கில் வராமல் போகிறது. 2023-இல் அரசு வெளியிட்ட அறிக்கையில் அது சுமார் 47%. ஒழுகல், திருட்டு, அளக்காமல் போவது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தெருவில் உடைந்த குழாயை நாள்கணக்கில் விட்டுவைத்தால் கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வருகிறது. ஆனால் அதற்காக நம் பக்கத்து ஒழுகலை நாம் விட்டுவிட முடியாது.

ஒழுகலைக் கண்டுபிடிக்கக் குளிர்காலத்தைவிட நல்ல காலம் கிடையாது. இதைத் துண்டறிக்கைகளில் எழுதி நான் பார்த்ததில்லை. எழுத வேண்டும். இங்கே ஜூன் பிறந்ததும் புல்வெளி எல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். மழை ஒரு துளி இல்லை. அந்த வைக்கோல் நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும், ஒரு பாய் விரித்த அளவுக்குப் பச்சைப்பசேல் என்று இருந்தால், அதற்கடியில் உங்கள் குழாய் ஒழுகுகிறது. மீட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்து பாருங்கள். கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். ஒரு வீட்டில் அந்தப் பச்சைத் திட்டில் நாய் படுத்துக்கொள்வதை "குளிர்ச்சிக்காகப் போய்ப் படுக்கிறது" என்று வீட்டுக்காரர் இரண்டு குளிர்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோண்டினால் இணைப்பில் ஊசித்துளை.

தண்ணீர் நிறுவனத்துக்கும் அப்படியே. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் ஒரு பேட்டைக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளப்பார்கள். எல்லாரும் தூங்கும் நேரம். அப்போதும் ஓடுகிறது என்றால் பெரும்பகுதி ஒழுகல். கோடையில் தோட்டத் தெளிப்பான்கள் ராத்திரியும் ஓடிக் கணக்கைக் குழப்பும், குளிர்காலத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நீங்களும் அதே சோதனையை வீட்டில் செய்யலாம். படுக்கப் போகும் முன், எல்லாத் திருகும் மூடியபின் மீட்டரைப் போட்டோ எடுங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் அதற்குக் கீழே. காலையில் யாரும் டாய்லெட் போகும் முன் இன்னொரு போட்டோ. சிவப்பு எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு வீட்டு ஸ்டாப்காக்கை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது நின்றுவிட்டால் ஒழுகல் வீட்டுக்குள், நிற்காவிட்டால் நிலத்துக்கடியில். உள்ளே என்றால் முதலில் டாய்லெட் தொட்டி. தொட்டியில் கேசரிப் பவுடரைக் கொஞ்சம் கலந்து அரைமணி கழித்துப் பாருங்கள், கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் அதுதான். அந்தப் போட்டோக்களை மாதா மாதம் ஒரே தேதியில் எடுத்து வையுங்கள். உத்தேசக் கணக்கில் பில் வந்தால் கையில் சான்று இருக்கும்.

தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோகன்னஸ்பர்க்கில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்பது விதி. புல்லை அப்படியே விட்டுவிடுங்கள், அது சாகவில்லை, தூங்குகிறது. மழை வந்ததும் எழுந்துவிடும். தெளிப்பான் குழாய்களை வடித்துவிட்டால் அவையும் தப்பும்.

கீசர். நம் ஊரில் குளியலறைச் சுவரில் தொங்கும் சின்னது போல நினைக்காதீர்கள். இங்கே கூரைக்குள் 150 லிட்டர் பீப்பாய் படுத்திருக்கும், அழுத்தத்தோடு. குளிர்காலத்தில் உள்ளே வரும் தண்ணீர் மிகவும் குளிர்ந்து வருகிறது, கீசர் அதிக நேரம் வேலை செய்கிறது, ராத்திரியில் யாரும் தண்ணீர் எடுக்காததால் தெருக் குழாயின் அழுத்தமும் ஏறுகிறது. ஏற்கெனவே துருப்பிடித்த பீப்பாய் அப்போதுதான் விட்டுக்கொடுக்கும். ஆகவே மே மாதத்திலேயே ஒரு பகல் நேரத்தில் டார்ச்சோடு கூரைக்குள் ஏறிப் பாருங்கள், முடியாவிட்டால் ப்ளம்பரை ஏற்றிப் பாருங்கள். கீழே தட்டு இருக்கிறதா, அதிலிருந்து வெளியே போகும் குழாய் அடைபடாமல் இருக்கிறதா, தட்டில் துரு நிறத் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயிலிருந்து சூடேறும் நேரத்தில் சில சொட்டு விழுவது இயல்பு. நாள் முழுக்க ஒழுகினாலோ ஆவி பறந்தாலோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உடனே ஆள் கூப்பிடுங்கள். அந்தக் குழாய் முனையை ஒழுகுகிறதே என்று அடைத்துவைத்த வீடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது அழுத்தம் வெளியேறும் வழி. அதை அடைத்தால் கூரையில் வெடிகுண்டை வைத்திருப்பதற்குச் சமம்.

கீசரின் சூட்டை நிர்ணயிக்கும் தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும். குளிர்கிறதே என்று 70-க்கு மேல் ஏற்றினால் பில்லும் ஏறும், பிள்ளையின் கையும் வெந்துபோகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று 45-க்கு இறக்கவும் கூடாது. லீஜியனெல்லா என்ற கிருமி 20-க்கும் 45-க்கும் இடையில் செழிக்கும். கீசருக்கும் ஒரு போர்வை உண்டு, அதையும் போட்டு, அதிலிருந்து கிளம்பும் வெந்நீர்க் குழாயையும் மூடினால் நல்ல மிச்சம். கூரை மேல் சோலார் கீசர் இருந்தால், அதன் தகட்டுக்குள் வீட்டுத் தண்ணீரே நேராக ஓடுகிறதா, உறையாத திரவம் ஓடுகிறதா என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். நேராக ஓடும் வகைத் தகடு உறைபனியில் உள்ளே வெடிக்கும், இந்த மேட்டு நிலத்துக்கு அது பொருந்தாது. கீசரை மாற்றினால் பதிவுபெற்ற ப்ளம்பரிடம், வேலை விதிப்படி நடந்தது என்று சான்றிதழ் எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

தண்ணீர் பிடித்துவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேவை குறைவான குளிர்காலத்தில்தான் பெரிய பராமரிப்பு வேலைகளை வைத்துக்கொள்வார்கள். 2023-இல் ஜூலை 10 திங்கள்கிழமை பனிமழை பெய்தது. மறுநாள் மாலையிலிருந்து நகரத்தின் பெரும்பகுதிக்கு ராண்ட் வாட்டரின் 58 மணி நேரப் பராமரிப்பு. முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள், ஆனாலும் மேட்டுப் பகுதிகளுக்கு நீர்த்தேக்கம் நிரம்பித் தண்ணீர் ஏற அதற்குப் பிறகும் நாளாயிற்று. 25 லிட்டர் கேன்கள் நான்கு இருந்தால், நால்வர் உள்ள குடும்பம் குடிக்க, சமைக்க, டாய்லெட்டுக்கு ஊற்ற என்று சிக்கனமாக இரண்டு நாள் ஓட்டலாம். வெளியே வைப்பதானால் கழுத்து வரை நிரப்பாமல் நாலு விரற்கடை இடம் விடுங்கள், உறைந்தால் கேன் கீறும். தண்ணீர் நின்ற நேரத்தில் ஏதாவது ஒரு திருகைத் திறந்தபடி மறந்துவிடாதீர்கள். கீசரையும் அணைத்து வையுங்கள். தண்ணீர் திரும்பி வந்ததும் முற்றத்துக் குழாயை மெல்லத் திறந்து காற்றையும் சேற்றையும் போகவிடுங்கள். வெந்நீர்த் திருகில் இடைவிடாமல் ஓடத் தொடங்கிய பிறகு கீசரைப் போடலாம். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் பயப்படாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள், அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி.

இதையெல்லாம் கேப் டவுனில் இருக்கும் சொந்தக்காரருக்கு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம், அவர்களுக்குச் சாக்கடை அடைப்பும் கூரைத் தண்ணீரும்தான் கவலை. 2018-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளந்து வாழ்ந்த ஊர் அது, மழை பெய்தால் மகிழ்வார்கள். டர்பனில் கடலோரம் உறைபனி கிடையாது.

டர்பன் பயணத்துக்கு வருகிறேன். பள்ளி விடுமுறை சரியாக உச்சக் குளிரில் வருகிறது. கிளம்பும் அன்று கீசரின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். மீட்டரருகே ஸ்டாப்காக்கை மூடுங்கள். பிறகு முற்றத்தில் இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திறந்து, தெற்குச் சுவர்க் குழாயில் இருப்பது வடியும்வரை விடுங்கள். மாடியில் ஒரு திருகையும் திறந்தால் காற்று நுழைந்து சீக்கிரம் வடியும். வடிந்தபின் மாடித் திருகை மூடிவிடுங்கள், முற்றத்துத் திருகு திறந்தே இருக்கலாம். மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள். வாடகை வளாகம் என்றால் உங்கள் ஸ்டாப்காக் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்ததா என்று காவலாளியிடம் கேட்டுவிட்டு மூடுங்கள், அவர்கள் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போய்விடக்கூடாது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது ஸ்டாப்காக் இருக்கும் இடத்தைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டுங்கள். திரும்பி வந்ததும் முதலில் முற்றத்துத் திருகை மூடி, ஸ்டாப்காக்கைக் கால் திருப்பு மட்டும் திறந்து, தெற்குச் சுவரோரம் நின்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் முழுக்கத் திறக்கலாம்.